ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு. அப்புறம் செய்யும் பயிற்சிக்கு?



குழுக் கூட்டங்களிலும் கூட்டமைப்புக் கூட்டத்திலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "ஏனுங்க, காப்பீட்டு அட்டையிலே காலுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. ஒரு பைசா வாங்கலை. வீட்டுக்கு வந்த பின்னாடி பிசியோதெரபி பண்ணணும்னு சொல்றாங்க. ஒவ்வொரு தடவைக்கும் காசு கேட்கறாங்க. அட்டையை நீட்டினா இதுக்கெல்லாம் செல்லாதுங்கறாங்க. இது என்னங்க நியாயம்?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாததால் பல பேர் நாலு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, "காசு கட்டுபடியாகலை" என்று நின்றுவிடுகிறார்கள். அதோடு கால் மடங்காமல் போகிறது, கை தூக்க முடியாமல் போகிறது. தறிக்குப் போக முடியவில்லை, கிழங்கு உரிக்க உட்கார முடியவில்லை. கடைசியில் குழுக் கடன் தவணையும் நிற்கிறது. லட்ச ரூபாய் ஆபரேஷன் இலவசமாகக் கிடைத்தும், அதற்குப் பின்னால் வரும் சில ஆயிரம் ரூபாய்க்காகப் பலன் கைக்கு வராமல் போய்விடுகிறது.

ஆகவே பிசியோதெரபிக்கு என்ன செலவாகும், எந்தக் காப்பீடு அதில் எவ்வளவு தரும், தராத இடத்தில் செலவில்லாமல் எங்கே கிடைக்கும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிசியோதெரபி என்றால் என்ன?

அரசு மருத்துவமனை போர்டுகளில் "இயன்முறை சிகிச்சைப் பிரிவு" என்று எழுதியிருக்கும். அதுவும் பிசியோதெரபியும் ஒன்றுதான். விறைத்துப் போன மூட்டையும் பலம் குறைந்த தசையையும் முறையான பயிற்சியால் திரும்ப வேலை செய்ய வைப்பது இது. இதற்கென்று பி.பி.டி. என்ற பட்டப் படிப்பு இருக்கிறது. பயிற்சி கொடுப்பவர் அந்தப் படிப்பு படித்தவரா என்று கேட்பதில் தப்பே இல்லை.

சில பேர் மெஷின் வைத்து கரண்ட் கொடுப்பதுதான் பிசியோதெரபி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெஷின் வலியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். குணம் தருவது நாம் செய்யும் பயிற்சி. "மெஷின் மட்டும் வெச்சு அனுப்பறாங்க, ஒரு பயிற்சியும் சொல்லித் தரலை" என்றால், கொடுக்கிற காசுக்குப் பாதிப் பலன்தான் கிடைக்கிறது என்று அர்த்தம்.

நம்ம பகுதியில் இது யாருக்கெல்லாம் தேவைப்படுகிறது? பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடிப் பக்கம் தறி ஓட்டி ஓட்டித் தோள்பட்டையும் இடுப்பும் போனவர்களுக்கு. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு உரிக்க நாள் முழுக்கக் குத்த வைத்து உட்கார்ந்து முழங்கால் தேய்ந்தவர்களுக்கு. வண்டியில் விழுந்து எலும்பு முறிந்து பிளேட் வைத்தவர்களுக்கு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்தவர்களுக்கு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து கை தூக்க முடியாதவர்களுக்கு. சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப் போவது கூடுதலாக வரும், அவர்களுக்கும்.

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்?

மூட்டை அசைக்காமல் வைத்தால் அதைச் சுற்றியுள்ள சதையும் சவ்வும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களைப் பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுவது அதனால்தான். முதல் 6 வாரம் முக்கியமான காலம். அந்தக் காலத்தில் மடக்கி நீட்டாமல் விட்ட காலைப் பிறகு மடக்குவது கஷ்டம், வலியும் அதிகம்.

பக்கவாதத்திலும் அப்படித்தான். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் முன்னேற்றம் வரும், ஆனால் மெதுவாக வரும். அந்த நேரத்தில் "எண்ணெய் போட்டு இழுத்து விட்டாச் சரியாயிடும்" என்று விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. பலமில்லாத தோள் மூட்டு கழன்று, வலி நிரந்தரமாகத் தங்கிவிடும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியரிடம் போகிறவர்களும் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

உண்மையான செலவு எவ்வளவு?

பிசியோதெரபிச் செலவு என்றால் எல்லோரும் அங்கே வாங்கும் பீஸை மட்டும் சொல்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்காக நாங்கள் போட்ட கணக்கு. உங்கள் ஊர் ரேட்டைப் போட்டு நீங்களும் பாருங்கள்.

ஒரு தடவைக்கு பீஸ் 300 ரூபாய், வாரம் 3 நாள், 6 வாரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 தடவை.

பீஸ்: 18 x 300 = 5,400 ரூபாய்
போக்குவரத்து (நோயாளி, துணைக்கு ஒருவர்): 18 x 100 = 1,800 ரூபாய்
துணைக்கு வருபவரின் அரை நாள் கூலி இழப்பு: 18 x 200 = 3,600 ரூபாய்
மொத்தம்: 10,800 ரூபாய்

பார்த்தீர்களா? பீஸ் பாதிதான். மீதிப் பாதி பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் போன கூலிக்கும். இந்த இரண்டாவது பாதியை எந்த மருத்துவக் காப்பீடும் தராது. அதனால் பீஸைக் குறைப்பதோடு, எத்தனை தடவை நேரில் போக வேண்டும் என்பதையும் குறைக்கப் பார்க்க வேண்டும்.

அதே 6 வாரத்துக்கு வாரம் ஒரு நாள் மட்டும் நேரில் போய், பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு, மற்ற நாள் வீட்டிலேயே செய்தால் 6 தடவைதான். 6 x 600 = 3,600 ரூபாயில் முடிந்துவிடும். எல்லா நோய்க்கும் இது ஒத்து வராது. பக்கவாதத்துக்கும் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கும் ஆரம்பத்தில் அடிக்கடி போக வேண்டியிருக்கலாம். ஆனால் "நேர்ல வாரம் எத்தனை நாள் வரணும்? வீட்லயே எதைச் செய்யலாம்?" என்று கேட்டால் நல்ல பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

காப்பீடு ஏன் கொடுப்பதில்லை?

இங்கே இரண்டு வார்த்தைகளைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று உள்நோயாளி, இன்னொன்று வெளிநோயாளி.

படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றால் உள்நோயாளி. சீட்டுப் போட்டு, பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு வந்தால் வெளிநோயாளி. நம் கையில் இருக்கும் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை உள்நோயாளிக்காக ஏற்பட்டவை. பிசியோதெரபியோ பெரும்பாலும் வெளிநோயாளி சிகிச்சை. அதனால்தான் ஆபரேஷனுக்குச் செல்லும் அட்டை, அடுத்த மாதம் பயிற்சிக்குப் போகும்போது செல்லவில்லை.

இப்போது நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு காப்பீடும் என்ன தரும் என்று பார்ப்போம்.

1. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018 செப்டம்பரில் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆனது. முன்பு ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று இருந்தது. பின்னர் அந்த வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அப்போது அட்டை கிடைக்காதவர்கள் மறுபடி விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சேலம் மாவட்டத்தார் சேலம் கலெக்டர் ஆபீசுக்கும், நாமக்கல் மாவட்டத்தார் நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்கும் போகலாம். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

இந்தத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மொத்தத் தொகை உண்டு. அதைப் பேக்கேஜ் என்பார்கள். ஆபரேஷன், படுக்கை, மருந்து எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள் வரையிலான மருந்து, பரிசோதனைச் செலவும் அதற்குள்தான் வரும். படுக்கையில் இருக்கும்போது பிசியோதெரபிஸ்ட் வந்து பயிற்சி கொடுத்தால் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதனால் படுக்கையில் இருக்கும் நாட்களிலேயே பயிற்சி முழுவதையும் கற்றுக்கொண்டுவிட வேண்டும். கூட இருப்பவரும் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அட்டையில் சேர்த்துக்கொண்டு "மேற்கொண்டு இவ்வளவு கட்டுங்க" என்று யாராவது கேட்டால், கட்டுவதற்கு முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். காசு கட்டியிருந்தால் ரசீது கட்டாயம் வாங்குங்கள். ரசீது இல்லாத புகார் நிற்காது.

2. காசு கட்டி எடுத்த பாலிசி

சில உறுப்பினர்கள் பேங்க் மூலமாகவோ ஏஜென்ட் மூலமாகவோ மருத்துவ பாலிசி எடுத்திருக்கிறார்கள். அதில் "மருத்துவமனைக்குப் பிந்தைய செலவு" என்று ஒரு பகுதி இருக்கும். பிசியோதெரபிக்குக் கதவு அதுதான்.

எடுத்துக்காட்டாக, ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பாலிசியை 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரி விதிகளோடு விற்கின்றன. அதில் அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் செலவு சேரும். கிளெய்ம் தொகையில் 100-க்கு 5 ரூபாய் நம் கைப் பொறுப்பு. அந்த 60 நாளுக்குள் செய்த பிசியோதெரபிக்குக் கிளெய்ம் கேட்க வேண்டுமானால் நாலு விஷயம் சரியாக இருக்க வேண்டும்.

முதலாவது, அட்மிஷன் ஆன கிளெய்மைக் கம்பெனி ஏற்றிருக்க வேண்டும். இரண்டாவது, அதே நோய்க்கான பயிற்சியாக இருக்க வேண்டும். காலுக்கு ஆபரேஷன் செய்துவிட்டுத் தோள் வலிக்குப் பயிற்சி எடுத்தால் வராது. மூன்றாவது, எத்தனை தடவை பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். வாய்ச் சொல் செல்லாது. நாலாவது, தேதி வாரியாக ரசீது வேண்டும். சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அட்மிஷன் போட்டுப் பிசியோதெரபி பண்ணிக்கலாம், இன்சூரன்ஸ்ல வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓய்வுக்காகவும் மறுவாழ்வுப் பயிற்சிக்காகவும் மட்டும் அட்மிஷன் ஆனால் பணம் இல்லை என்று பாலிசிகளில் விலக்கு விதியே இருக்கிறது. கடைசியில் பில் நம் தலையில் விழும்.

மூட்டு மாற்று போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. பாலிசி எடுத்த மறுமாதமே ஆபரேஷன் செய்துகொள்ள முடியாது. இந்தக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் விதி செய்தது. விபத்தால் வந்த காயத்துக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனுக்கு மனுப் போடலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. ஆணையத்தின் புகார் எண் 155255.

3. இ.எஸ்.ஐ.

நூல் மில், கார்மென்ட்ஸ், பெரிய ஆலைகளில் வேலை செய்யும் உறுப்பினர்கள், அல்லது வீட்டுக்காரரோ மகனோ அப்படி வேலை செய்யும் உறுப்பினர்கள், சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இ.எஸ்.ஐ. என்று பிடித்தம் இருந்தால் உங்களிடம் இருப்பதிலேயே நல்ல காப்பீடு அதுதான். பலருக்கு அது தெரியாமலேயே இருக்கிறது.

காரணம், இ.எஸ்.ஐ. வெளிநோயாளிக்கும் செல்லும். மருந்து, பரிசோதனை, மருத்துவர் எழுதினால் பிசியோதெரபி எல்லாம் அதற்குள் வரும். தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவரை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தொழிலாளிக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை, சந்தா நாள் கணக்குச் சரியாக இருந்தால் கிடைக்கும். மேலே போட்ட கணக்கில் எந்தக் காப்பீடும் தராது என்று சொன்ன கூலி இழப்பில், நோயாளியே தொழிலாளியாக இருந்தால் ஒரு பகுதியை இது தருகிறது. நேராகத் தனியார் இடத்துக்குப் போகாமல் முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ச் சீட்டு வாங்க வேண்டும்.

4. பேங்கில் பிடிக்கும் 20 ரூபாய் பாலிசி

"எனக்குத்தான் பேங்கிலே வருஷா வருஷம் இன்சூரன்ஸ் பிடிக்கறாங்களே, அதுல வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். 2015-ல் 12 ரூபாயாக இருந்தது, 2022 ஜூன் முதல் 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ, இரண்டு கண் அல்லது இரண்டு கை, கால் போனாலோ 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் போனால் 1 லட்சம். சிகிச்சைச் செலவோ பிசியோதெரபிச் செலவோ இதில் வராது. அதற்காக இதை நிறுத்திவிடாதீர்கள். இது வேறு உதவி.

5. ரோட்டில் அடிபட்டால்

2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை செலவில்லாமல் கிடைக்க வழி உண்டு. அட்டை இல்லை என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது முதல் 48 மணி நேரத்துக்கு மட்டும்தான்.

அதற்குப் பிறகு வரும் செலவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில் கேட்கலாம். பிசியோதெரபி பீஸ், போக்குவரத்து, துணைக்கு வந்தவர் செலவு, இனிமேல் ஆகப் போகும் சிகிச்சைச் செலவு எல்லாம் அதில் கேட்க இடம் உண்டு. ஆதாரம் ரசீதுதான். ஒரு பையில் எல்லா ரசீதையும் போட்டு வையுங்கள். எப்.ஐ.ஆர். நகலும் அதிலேயே இருக்கட்டும். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுப் போடச் சட்டம் சொல்கிறது, அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

செலவில்லாமல் எங்கே கிடைக்கும்?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இயன்முறை சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கும். ஆபரேஷன் வேறு இடத்தில் செய்திருந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு வெளிநோயாளிச் சீட்டுப் போட்டுப் போகலாம். சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ போய்வர முடியாதவர்கள் பக்கத்துத் தாலுகா அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா, எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள். 104 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

பஸ் ஏறவே முடியாதவர்களுக்கு என்ன வழி? 2021 ஆகஸ்ட் 5-ல் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் அவர்களுக்காகவும்தான். இதை எல்லோரும் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்றே நினைக்கிறார்கள். வீட்டிலேயே பிசியோதெரபி கொடுப்பதும், படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிப்பதும் இதில் சேர்ந்ததுதான். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

வீடு வீடாகப் போய் விவரம் எடுக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்மைப் போல சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்கள்தான். உங்கள் ஊர்த் தன்னார்வலர் யார் என்று குழுவில் கேட்டால் தெரிந்துவிடும். அவரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர், எழுந்து நடக்க முடியாத முதியவர், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருப்பவர் ஆகியோருக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். மேலே போட்ட கணக்கில் பீஸும் இல்லை, ஆட்டோவும் இல்லை.

ஆனால் ஒன்று. ஒரு வட்டாரத்தில் எத்தனையோ கிராமம். தினம் தினம் அவரால் வர முடியாது. அவர் சொல்லிக் கொடுத்ததை அடுத்த முறை வரும் வரைக்கும் வீட்டில் ஒருவர் தினமும் செய்ய வைக்க வேண்டும். மருமகளோ, மகனோ, பேத்தியோ, யார் என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள். "எல்லோரும் பாத்துக்கலாம்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கை கால் வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பிசியோதெரபி உண்டு. பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கட்டில் காலியாகும் அவசரத்தில் மாத்திரைக் கவரை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அப்படிக் கிளம்பாமல் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. பிசியோதெரபி எத்தனை வாரம், வாரம் எத்தனை நாள் வேண்டும்? அதைச் சீட்டில் எழுதித் தருவீர்களா?
2. இங்கேயே வந்தால் கட்டணம் உண்டா? எங்கள் ஊர்ப் பக்கம் அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாமா?
3. எந்தப் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம்? ஒரு தடவை எங்கள் முன்னால் செய்து காட்டுவீர்களா?
4. எதைச் செய்யவே கூடாது? எந்த அளவு வலி வந்தால் நிறுத்த வேண்டும்?
5. எப்போது தறிக்கோ காட்டு வேலைக்கோ திரும்பப் போகலாம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது பிசியோதெரபிஸ்டிடம் அனுமதி கேட்டு, வீட்டில் உள்ள செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது உதவும்.

ஐந்தாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் கூலி வேலை செய்யும் நமக்கு அதுதான் முக்கியமான கேள்வி. அந்தத் தேதியை வைத்துத்தான் கடன் தவணையையும் வீட்டுச் செலவையும் திட்டமிட முடியும்.

குழு என்ன செய்யலாம்?

ஆபரேஷன் என்றால் எல்லோரும் பார்க்க வருகிறார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வருகிறது. ஆறாவது வாரம் பயிற்சிக்குக் கூட்டிப் போக ஆள் இல்லை. குழு கைகொடுக்க வேண்டியது அந்த ஆறாவது வாரத்தில்தான்.

துணைக்குப் போக முறை வைத்துக்கொள்ளலாம். 12 பேர் உள்ள குழுவில் நோயாளியைத் தவிர 11 பேர். ஆளுக்கு இரண்டு தடவை போனாலே 22 தடவை ஆகிவிடும். வீட்டில் ஒரே ஆளின் கூலி முழுவதும் போகாது.

கடன் வேண்டுமானால், ஆபரேஷனுக்கென்று கந்து வட்டிக்கு ஓடும் முன் குழுவின் உள்கடனைக் கேளுங்கள். கடன் கேட்கும்போதே பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். தவணையை வேலைக்குத் திரும்பும் மாதத்திலிருந்து ஆரம்பிக்கக் குழுவில் பேசித் தீர்மானம் எழுதிக்கொள்ளலாம்.

ஊக்குநரும் பிரதிநிதியும் அடுத்த கூட்டத்தில் மூன்று விவரங்களை எடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் எவை? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுபவர் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்? பயிற்சி தேவைப்பட்டும் பாதியில் நிறுத்தியவரோ, படுத்த படுக்கையாக இருப்பவரோ யார் யார்? மூன்றாவது பட்டியலில் வரும் பெயர்களை அந்த வாரமே மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடம் கொடுத்துவிடுங்கள். நாங்களும் கூட்டமைப்புக் கூட்டத்தில் அந்தப் பட்டியலைக் கேட்போம்.

பயிற்சியை நிறுத்தி மூணு மாசம், ஆறு மாசம் ஆகிவிட்டவர்களும் மனம் விட வேண்டாம். முன்பு போல வேகமாக வராது, ஆனாலும் திரும்ப ஆரம்பித்தால் பலன் உண்டு. தானே எழுந்து கக்கூசுக்குப் போய்வர முடிந்தால் அதுவே அந்த வீட்டுக்குப் பெரிய விடுதலை. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர் வீட்டில் படித்துக் காட்டுங்கள்.